பெராக்சைடும் ஆன்டிஆக்சிடன்ட்டும் ஒரே கலவையில்: பாலிஎத்திலீனைக் குறுக்குப் பிணைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெல் (சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து, கரைப்பானில் கரையாமல் நிற்கும் பகுதி) அளவு போதவில்லை, பெராக்சைடை ஏற்றுகிறோம். ஜெல் வந்துவிடுகிறது. ஆனால் தகட்டில் குமிழி, எக்ஸ்ட்ரூடரின் வடிகட்டி வலையில் கட்டி, வெப்ப முதுமைச் சோதனையில் தோல்வி. உடனே ஆன்டிஆக்சிடன்ட்டை ஏற்றுகிறோம். ஜெல் மறுபடி இறங்குகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் இப்படிச் செக்குமாடாகச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் சுற்றியவன்தான்.

காரணம் எளிது. இரண்டையும் தனித்தனிப் பொருள்களாக, தனித்தனி எடைகளாக எழுதி வைத்துக்கொள்கிறோம். உண்மையில் இரண்டும் ஒரே கணக்கில் வரவும் செலவும். பெராக்சைடு ரேடிக்கல்களை (ஜோடியில்லாத எலக்ட்ரானோடு வேகமாக வினைபுரியும் துண்டுகளை) போடுகிறது, ஆன்டிஆக்சிடன்ட் எடுக்கிறது. மிச்சம் இருப்பதில்தான் பிணைப்பு நடக்கிறது.

இங்கே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வது குறைந்த அடர்த்திப் பாலிஎத்திலீனும் டைக்யூமைல் பெராக்சைடும் (இனி டிசிபி). கேபிள் காப்பில் அதிகம் பயன்படும் ஜோடி இது. வேறு பெராக்சைடு என்றால் எண்கள் மாறும், படிகளின் வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ரெசினில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்ற தகவல். கடையில் வாங்கும் பாலிஎத்திலீன் பெரும்பாலும் வெறும் பாலிஎத்திலீன் இல்லை. தயாரிப்பாளர் சிறிது பீனாலிக் ஆன்டிஆக்சிடன்ட், சில வகைகளில் பாஸ்பைட், வழுக்குப்பொருள், கால்சியம் ஸ்டியரேட் எல்லாம் போட்டிருப்பார். "நான் எதுவுமே சேர்க்கவில்லையே, ஜெல் ஏன் வரவில்லை?" என்ற கேள்விக்குப் பல தடவை இதுதான் பதில். குறுக்குப் பிணைப்புக்கென்றே விற்கும், சேர்க்கை இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பதையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டாவது, பெராக்சைடின் தூய்மை. டிசிபி ஏறத்தாழ முழுத் தூய்மையிலும் கிடைக்கும், கால்சியம் கார்பனேட் அல்லது களிமண் மேல் ஏற்றிய 40% தூளாகவும் கிடைக்கும். ஒரு பொட்டலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எடையை மாற்ற மறப்பது நான் அதிகம் பார்த்த பிழை. களிமண் ஏற்றிய வகையில் இன்னொரு சிக்கலும் உண்டு, அது 4ஆம் படியில் வருகிறது.

மூன்றாவது, கருவிகள். ஊசலாடும் அச்சு ரியோமீட்டர் (எம்டிஆர்; கலவை சூட்டில் இறுகுவதை முறுக்குவிசையாக, அதாவது டார்க்காக, காட்டும் கருவி), சூடாக்கவும் அழுத்தத்திலேயே குளிர்விக்கவும் முடிகிற பிரெஸ், வேதித்தராசு, கொதி சைலீனில் கரைத்தெடுக்கும் அமைப்பு, ஆக்சிஜனேற்றத் தூண்டல் நேரம் (சூட்டில் ஆக்சிஜன் பட்டு மாதிரி ஆக்சிஜனேற்றமடையத் தொடங்கும் வரை தாங்கும் நேரம்) பார்க்க டிஎஸ்சி என்ற வெப்ப ஓட்ட அளவி. எம்டிஆர் இல்லாமலும் செய்யலாம், ஆனால் பத்துத் தகடு அழுத்த வேண்டிய இடத்தில் நாற்பது அழுத்த வேண்டியிருக்கும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, டிசிபியை அமிலம், உலோக உப்பு, துரு இவற்றின் பக்கத்தில் வைக்க வேண்டாம். சுமார் 40 டிகிரியில் உருகிவிடும். உருக்க வேண்டுமானால் வெந்நீர்த் தொட்டி போதும், நேரடிச் சூடு கூடாது. பொதி நிலையில் அது தானாகவே வேகமெடுத்துச் சிதையத் தொடங்கும் வெப்பநிலை 75 டிகிரி அளவில்தான் இருக்கிறது. தூய பெராக்சைடை வேறு தூள்களோடு சேர்த்து அரைக்கவே கூடாது.

2. ரேடிக்கல் எங்கே போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகலாம் என்று தோன்றும். தாண்டினால் 8ஆம் படியில் வரைபடத்தைப் படிக்க முடியாது.

டிசிபி சூட்டில் நடுவே உடைந்து இரண்டு க்யூமைலாக்சி ரேடிக்கல் தருகிறது. அதன் முன் மூன்று வழிகள். ஒன்று, பாலிஎத்திலீன் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக் க்யூமைல் ஆல்கஹாலாகிவிடும். ஹைட்ரஜனை இழந்த இடத்தில் சங்கிலி ரேடிக்கல் உருவாகும், அப்படி இரண்டு சந்தித்தால் ஒரு குறுக்குப் பிணைப்பு. இரண்டு, தானே உடைந்து அசிட்டோஃபீனோனும் மெத்தில் ரேடிக்கலுமாகும். மெத்தில் ரேடிக்கலும் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி மீத்தேனாகிவிடும். வெப்பநிலை ஏற ஏற இந்த வழியின் பங்கு கூடும். தகட்டில் குமிழி வருவது இங்கிருந்துதான்.

மூன்றாவது வழி, ஆன்டிஆக்சிடன்ட்டிடமிருந்து ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வது.

1 கிலோ பாலிஎத்திலீனில் சுமார் 71 மோல் மெத்திலீன் அலகு இருக்கிறது. அதில் போடும் பீனாலின் ஹைட்ராக்சில் அளவு அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு சின்னக் கூட்டத்தால் என்ன ஆகிவிடும்? பிணைப்பின் வலிமையில் இருக்கிறது விஷயம். மறைக்கப்பட்ட பீனாலில் (ஹைட்ராக்சிலின் பக்கத்தில் பெரிய தொகுதிகள் அடைத்து நிற்கும் வகை) ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு 340 கிலோஜூல் அளவு போதும், சங்கிலியின் கார்பன்-ஹைட்ரஜனை உடைக்க 410 வேண்டும். ரேடிக்கலுக்குப் பீனால்தான் சுலபமான இரை. அது மட்டுமல்ல, ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்தபின் பீனாக்சி ரேடிக்கலாக நிற்கும் அதே மூலக்கூறு இன்னொரு ரேடிக்கலையும் கட்டிப்போடும். ஆக ஒரு பீனால் தொகுதி இரண்டு ரேடிக்கல் வரை விழுங்கும்.

இதில் இழப்பு இரு தரப்புக்கும். பெராக்சைடின் ஒரு பகுதி வீணாகிறது. பொருளைப் பல ஆண்டு காக்க வேண்டிய ஆன்டிஆக்சிடன்ட்டின் ஒரு பகுதியும் பொருள் பிறக்கும்போதே செலவாகிவிடுகிறது.

3. ஆன்டிஆக்சிடன்ட்டை முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் பெராக்சைடில் தொடங்குகிறார்கள். நான் தலைகீழாகச் சொல்கிறேன். பெராக்சைடு சில நிமிடங்களில் வேலை முடித்துப் போய்விடும், அதன் அளவைப் பின்னால் சரிசெய்யலாம். ஆன்டிஆக்சிடன்ட் அப்படியல்ல, பொருளின் ஆயுள் முழுக்க உடன் இருக்கப் போவது. பொருள் எந்தச் சூட்டில், எவ்வளவு காலம், எதைத் தொட்டுக்கொண்டு இருக்கும் என்பதிலிருந்து வகையைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் பெராக்சைடு.

1010, 1076 என்ற வணிக எண்களால் அறியப்படுபவை போன்ற மறைக்கப்பட்ட பீனால்கள் நிறம் தராது, நம்பகமானவை. குறுக்குப் பிணைப்பைக் குறைக்கும், ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட முடியும். 1010க்குப் பாலிஎத்திலீனில் கரைதிறன் குறைவு என்பதால் அளவு மிஞ்சினால் மேற்பரப்பில் பூத்து நிற்கும்.

கந்தகம் உள்ள பீனால்கள், அதாவது கேபிள் துறையில் 300 என்ற எண்ணால் சொல்லும் தயோபிஸ்ஃபீனாலும் 1035உம், பெராக்சைடுக் கலவைகளில் நெடுங்காலமாகப் பயன்படுபவை. ரேடிக்கலையும் பிடிக்கும், பின்னால் உருவாகும் ஹைட்ரோபெராக்சைடையும் உடைக்கும். ஆனால் கந்தகப் பகுதி ஆக்சிஜனேற்றமடையும்போது அமிலத் தன்மையுள்ள பொருள்கள் வரும். அந்த அமிலம் என்ன செய்யும் என்பதை அடுத்த படியில் பார்ப்போம்.

டிஎஸ்டிடிபி போன்ற தயோஎஸ்டர்கள் பீனாலுக்குத் துணையாக வருபவை. பீனாலோடு சேர்த்துப் பார்த்தால் வெப்ப முதுமையில் நல்ல பலன், ரேடிக்கல் இழப்பும் பீனாலை விடக் குறைவு. அமில எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

கறுப்பு அல்லது பழுப்பு நிறம் பரவாயில்லை என்றால் டிஎம்க்யூ என்ற பாலிமர் வடிவ குவினோலின் நல்ல தேர்வு. அமீன் வகைகளில் பெராக்சைடோடு குறைவாக மோதுவது இதுதான். அதற்காக எல்லா அமீனும் அப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரப்பரில் ஓசோனுக்காகப் போடும் பாராஃபினிலீன்டைஅமீன் வகைகள் பெராக்சைடைக் கடுமையாகத் தின்னும்.

பாஸ்பைட்டை நான் பொதுவாக விட்டுவிடுவேன். 200 டிகிரிக்கு மேல் உருக்கும் வேலைகளில்தான் அதன் பலன் தெரியும். இங்கே பெராக்சைடு சேர்ந்த உருகின் சூடு 130ஐச் சுற்றித்தான். ஈரத்தில் அது நீராற்பகுப்படைந்து அமிலம் விடும் அபாயம் மட்டும் மிஞ்சும்.

4. அமிலம் இருக்கிறதா என்று தேடுங்கள்

தனிப் படியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் இது தனி வகை இழப்பு. ரேடிக்கலை விழுங்குவது வேறு, ரேடிக்கலே பிறக்காமல் செய்வது வேறு. அமிலம் டிசிபியை அயனி வழியில் சிதைக்கும். அந்த வழியில் பீனாலும் அசிட்டோனும் போன்ற பொருள்கள்தான் வரும், ரேடிக்கல் வராது. பெராக்சைடு தீர்ந்திருக்கும், பிணைப்பு மட்டும் இருக்காது.

அதே அமிலம் க்யூமைல் ஆல்கஹாலிலிருந்து நீரைப் பிரித்து ஆல்ஃபாமெத்தில்ஸ்டைரீனாக மாற்றும். காப்புக்குள் நீர் உருவாவதைக் கேபிள் செய்கிறவர்கள் விரும்ப மாட்டார்கள்.

அமிலம் வரக்கூடிய இடங்கள்: சில களிமண்கள், வீழ்படிவு சிலிக்கா, சானல் வகைக் கார்பன் கறுப்பு, வழுக்குப்பொருளாகப் பழக்கதோஷத்தில் கை தவறிப் போடும் ஸ்டியரிக் அமிலம், முன்னே சொன்ன கந்தகச் சேர்மங்களின் சிதைவு. 40% பெராக்சைடை வாங்கும்போது களிமண்ணை விடக் கால்சியம் கார்பனேட் மேல் ஏற்றியதைக் கேளுங்கள் என்பதும் இதனால்தான். தவிர்க்க முடியாத நிரப்பி என்றால் சிறிது மெக்னீசியம் ஆக்சைடு போன்ற காரப் பொருளைச் சேர்ப்பது வழக்கம்.

5. எடையை விட்டு மோலுக்கு வாருங்கள்

1 கிலோ பாலிமருக்கு 20 கிராம் டிசிபி என்று வைப்போம். மூலக்கூறு எடை 270. ஆக 0.074 மோல், உடைந்தால் 0.148 மோல் ரேடிக்கல். இதுதான் வரவு.

இப்போது செலவு. மூன்று ஆன்டிஆக்சிடன்ட்டுகள், ஒவ்வொன்றும் அதே 2 கிராம்.

1010: மூலக்கூறு எடை 1178, பீனால் தொகுதி 4. ஹைட்ராக்சில் 0.0068 மோல், தொகுதிக்கு இரண்டு வீதம் 0.0136 மோல் ரேடிக்கல். வரவில் 9%.

1076: மூலக்கூறு எடை 531, தொகுதி 1. இதே கணக்கில் 0.0075 மோல். வரவில் 5%.

300: மூலக்கூறு எடை 358, தொகுதி 2. 0.022 மோல். வரவில் 15%.

எடை ஒன்று, இழப்பு மூன்று மடங்கு வரை வேறுபடுகிறது. "ரெண்டும் 0.2 பங்குதானே, மாற்றிப் போட்டேன்" என்று சொல்கிறவர்களுக்கு ஜெல் ஏன் மாறியது என்பது இங்கே தெரியும்.

இவை மேல் வரம்புகள் என்பதை நினைவில் வையுங்கள். எல்லாப் பீனாலும் இந்தச் சில நிமிடங்களில் செலவாகிவிடாது. ஆகிவிட்டால் பொருளைக் காக்க எதுவும் மிஞ்சியிருக்காதே. கந்தகம் செய்யும் வேலையும் இதில் அடங்கவில்லை. ஆனாலும் எந்த வகை எவ்வளவு பசியுள்ளது என்று ஒப்பிட இது போதும்.

இந்தச் செலவை முழுவதும் ஈடுகட்ட 1010 விஷயத்தில் கிலோவுக்கு 1.8 கிராம் டிசிபி கூடுதலாக வேண்டும். போட்டுவிடலாம்தான். ஆனால் போடும் டிசிபியின் எடை கிட்டத்தட்ட முழுவதும் துணைப்பொருளாகப் பாலிமருக்குள்ளேயே தங்கும்: மீத்தேன், அசிட்டோஃபீனோன், க்யூமைல் ஆல்கஹால். வாயு நீக்கும் நேரம் கூடும். அதனால் ஈடுகட்டுவதற்கு முன் ஆன்டிஆக்சிடன்ட் அளவு உண்மையிலேயே அவ்வளவு வேண்டுமா என்று ஒரு முறை கேளுங்கள்.

பெராக்சைடை மாற்றும்போதும் இதே மோல் கணக்குதான். பிஸ்(டெர்ட்பியூட்டைல்பெராக்சிஐசோபுரோப்பைல்)பென்சீனின் மூலக்கூறு எடை 338, ஆனால் அதில் இரண்டு பெராக்சைடுப் பிணைப்பு. 20 கிராம் டிசிபிக்கு ஈடு 12.5 கிராம். இதைக் கவனிக்காமல் எடைக்கு எடை மாற்றிக் கல் போன்ற தகடு எடுத்தவர்கள் உண்டு.

6. வெப்பநிலைக் கூண்டை வரையுங்கள்

டிசிபியின் அரை ஆயுள் தோராயமாக இப்படி: 120 டிகிரியில் 4 மணி நேரம், 130இல் ஒன்றேகால் மணி, 140இல் 25 நிமிடம், 160இல் 3 நிமிடம், 180இல் அரை நிமிடம். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகம் இரண்டரை முதல் மூன்று மடங்கு ஏறுகிறது.

இந்தக் கூண்டின் கீழ் எல்லை பாலிமர் உருகும் வெப்பநிலை, குறைந்த அடர்த்தி வகைக்கு 105 முதல் 115. மேல் எல்லை கலக்கும் நேரத்தில் நீங்கள் பொறுத்துக்கொள்ளும் இழப்பு. 130இல் 5 நிமிடம் கலந்தால் சுமார் 4.5% பெராக்சைடு போகும். 140இல் அதே 5 நிமிடத்துக்கு 13%. எக்ஸ்ட்ரூடரின் திரையில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், அது உருளைச் சுவரின் சூடு. திருகின் உராய்வில் உருகு அதற்கு மேலே இருக்கும். உருகுக்குள் நுழையும் உணரி இல்லாவிட்டால், வெளியே வரும் உருகில் ஊசி வெப்பமானியைக் குத்திப் பாருங்கள்.

அதிக அடர்த்தி வகை 130க்கு மேல்தான் உருகும். அதற்கு டிசிபி சரிப்படாது, கூண்டுக்குக் கதவே இல்லாமல் போகும். அங்கே ஒரு மணி நேர அரை ஆயுள் 150 டிகிரியை ஒட்டி வரும் ஹெக்சைன் வகை போன்ற பெராக்சைடுக்குப் போக வேண்டும்.

கலக்கும்போது உடைந்த இந்த முதல் சில சதவீத ரேடிக்கலைத்தான் ஆன்டிஆக்சிடன்ட் சத்தமில்லாமல் விழுங்குகிறது. அந்த வகையில் அது நண்பன், முன்கூட்டியே கட்டி தட்டுவதைத் தள்ளிப்போடுகிறது. அதையே நம்பிச் சூட்டை ஏற்றினால் ஆன்டிஆக்சிடன்ட்டை எக்ஸ்ட்ரூடரிலேயே எரித்துவிடுவீர்கள்.

7. கலக்கும் வரிசை

முதல் சுற்றில் பாலிமர், ஆன்டிஆக்சிடன்ட், நிரப்பி இருந்தால் அதுவும். இதை 160 முதல் 180 டிகிரியில் தாராளமாகக் கலக்கலாம். 1010 உருகுவது 110 டிகிரிக்கு மேல். குளிர்ந்த கலவையில் அது சரியாகப் பரவாது, பரவாத துகள் ஒவ்வொன்றையும் சுற்றிப் பிணைப்புக் குறைந்த ஒரு மென்மையான புள்ளி வரும்.

இரண்டாம் சுற்றில்தான் பெராக்சைடு. உருக்கில் சேர்ப்பதானால் 120 முதல் 130க்குள், கூடிய விரைவில் வெளியே. இன்னொரு வழி ஊறவைப்பது. முதல் சுற்றின் பெல்லட்டை 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்கி, உருகிய டிசிபியைத் தெளித்து, மூடிய உருளும் கலத்தில் மேற்பரப்பு உலரும் வரை சுற்றுங்கள். பிறகு மூடி ஓர் இரவு விட்டால் உள்ளே சீராகப் பரவும். ஸ்கார்ச் (கலக்கும்போதோ எக்ஸ்ட்ரூடரிலோ முன்கூட்டியே பிணைந்து கட்டி தட்டுவது) அபாயமே இல்லை என்பதால் ஆய்வகத்தில் நான் இதைத்தான் விரும்புவேன்.

பெராக்சைடு, ஆன்டிஆக்சிடன்ட் இரண்டையும் ஒரே மாஸ்டர்பேட்சில் (அடர்ந்த முன்கலவையில்) அடைத்து வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அடர்ந்த நிலையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், கலக்கும்போதே சண்டை தொடங்கிவிடும். ஊறவைத்த பெல்லட்டைக் குளிர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் வைத்தாலும் டிசிபி மேற்பரப்புக்கு வியர்த்து வரும்.

8. ரியோமீட்டரில் நான்கு கோடு, இரண்டு வெப்பநிலை

ஒரு மாதிரியை மட்டும் ஓட்டிவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. இந்தப் படியில்தான் முழு விஷயமும் வெளிப்படும், நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

ஆன்டிஆக்சிடன்ட் இல்லாத பாலிமரில் மூன்று பெராக்சைடு அளவுகள், உதாரணமாக கிலோவுக்கு 10, 15, 20 கிராம். ஒவ்வொன்றையும் 180 டிகிரியில் ஓட்டி, அதிகபட்ச டார்க்கிலிருந்து குறைந்தபட்சத்தைக் கழியுங்கள். அந்த வித்தியாசத்தைப் பெராக்சைடு அளவுக்கு எதிராக வரைந்தால் அடிப்படைக் கோடு கிடைக்கும். இப்போது பீனால் மட்டும் சேர்த்து ஒரு கோடு, தயோஎஸ்டர் போன்ற துணைச் சேர்மம் மட்டும் சேர்த்து ஒன்று, இரண்டும் சேர்த்து ஒன்று.

கோடு சாய்வு மாறாமல் வலப்பக்கம் நகர்ந்திருந்தால், ஆன்டிஆக்சிடன்ட் ஒரு நிலையான அளவு ரேடிக்கலை விழுங்குகிறது என்று அர்த்தம். நகர்ந்த தூரத்தை 5ஆம் படியின் கணக்கோடு ஒப்பிடுங்கள். மேல் வரம்புக்குள் இருந்தால் எல்லாம் எதிர்பார்த்தபடிதான், பெராக்சைடை அந்தத் தூரம் ஏற்றினால் போதும்.

சாய்வே குறைந்திருந்தால் கதை வேறு. ஒவ்வொரு கிராமிலும் ஒரு பங்கு போய்க்கொண்டே இருக்கிறது. முதல் சந்தேகம் அமிலம். இதை உறுதிசெய்ய 90% டார்க் வரும் நேரத்தைப் பாருங்கள். ரேடிக்கலை விழுங்குவதால் பெராக்சைடு உடையும் வேகம் மாறுவதில்லை, ஆகவே அந்த நேரம் பெரிதாக மாறாது. டார்க்கும் குறைந்து நேரமும் குறைந்திருந்தால் பெராக்சைடு வேறு வழியில் சீக்கிரமே தீர்ந்திருக்கிறது. இந்த நிலையில் எவ்வளவு பெராக்சைடு ஏற்றினாலும் ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதுதான், 4ஆம் படிக்குத் திரும்புங்கள்.

ஸ்கார்ச்சுக்கு 140 டிகிரியில் தனியாக ஓட்டி, டார்க் குறைந்தபட்சத்திலிருந்து ஒரு அலகு ஏறும் நேரத்தை எடுங்கள். பெராக்சைடை ஏற்றிய பிறகு இதை மறுபடி பார்க்க மறக்கிறார்கள். ஜெல்லை ஈடுகட்டியாயிற்று என்று மகிழ்ந்து, ஸ்கார்ச் நேரம் சுருங்கியதைக் கவனிக்காமல் எக்ஸ்ட்ரூடருக்குக் கொண்டு போனால் வலை அடைத்துக்கொள்ளும். ஸ்கார்ச் நேரம் போதவில்லை என்றால் ஆன்டிஆக்சிடன்ட்டைக் கூட்டித் தீர்க்கப் பார்க்காதீர்கள். அதற்கென்றே ஆல்ஃபாமெத்தில்ஸ்டைரீன் டைமர் இருக்கிறது, முதலில் தாமதப்படுத்திப் பின்னால் இறுதி டார்க்கை அதிகம் கெடுக்காது.

டார்க் குறைவு, ஆனால் துணைப்பொருள் ஏற்கெனவே அதிகம் என்றால் டிரைஅல்லைல் ஐசோசயனூரேட் போன்ற துணைப் பிணைப்பி சிறிது சேர்க்கலாம். அதே பெராக்சைடில் கூடுதல் பிணைப்பு வரும். ஸ்கார்ச்சும் கொஞ்சம் முன்னே வரும், இலவசம் எதுவுமில்லை.

9. தகடு அழுத்துதல்

120 டிகிரியில் சில நிமிடம் லேசான அழுத்தத்தில் உருக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு முழு அழுத்தத்தோடு 180க்கு ஏற்றுங்கள். பெராக்சைடு 99% தீர ஏழு அரை ஆயுள் வேண்டும். 180இல் அது மூன்றரை நிமிடம், ஆனால் அச்சும் தகடும் சூடேற எடுக்கும் நேரம் தனி. 10 நிமிடம் வைத்தால் கவலையில்லை. 160இல் அழுத்தினால் 25 நிமிடமாவது தேவை.

அழுத்தத்தை விடாமலேயே குளிர்வியுங்கள். சூட்டோடு திறந்தால் கரைந்திருக்கும் மீத்தேன் குமிழியாக வெளிவரும். அதைப் பார்த்துப் பெராக்சைடு அதிகம் என்று தவறாக முடிவெடுப்பார்கள்.

தகட்டின் இரு பக்கமும் பாலியெஸ்டர் தாளால் மூடுங்கள். திறந்த மேற்பரப்பில் காற்றின் ஆக்சிஜன் சங்கிலி ரேடிக்கலை உடனே பிடித்துவிடும், அங்கே பிணைப்பு வராமல் பிசுபிசுப்பாக இருக்கும். ஆக்சிஜனும் இந்தக் கணக்கில் ஒரு செலவுதான்.

10. வாயு நீக்கிய பின்தான் அளவிடுதல்

70 டிகிரியில் வெற்றிட அடுப்பில் எடை நிலைக்கும் வரை வையுங்கள். மீத்தேன் சீக்கிரம் போய்விடும், அசிட்டோஃபீனோனும் க்யூமைல் ஆல்கஹாலும் மெதுவாகத்தான் நகரும். நிறையத் தகடுகள் என்றால் மீத்தேன் தீப்பற்றும் என்பதை நினைவில் வைத்துக் காற்றோட்டம் பாருங்கள்.

இந்தப் படியைத் தவிர்த்தால் ஜெல் சோதனை பொய் சொல்லும். கிலோவுக்கு 20 கிராம் டிசிபி போட்ட தகட்டில் கிட்டத்தட்ட 2% துணைப்பொருள். அது முழுவதும் சைலீனில் கரைந்து போய், கரைந்த பாலிமராகக் கணக்கில் சேரும். நிரப்பி இருந்தால் தவறு எதிர்ப்பக்கம், கரையாத நிரப்பி ஜெல்லாகத் தெரியும். அதைக் கழிக்க வேண்டும்.

கொதி சைலீனில் 12 மணி நேரம் கரைக்கும்போது அந்தச் சைலீனிலேயே 1% ஆன்டிஆக்சிடன்ட் போடுவது முறை. தகட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது முதல் மணி நேரத்திலேயே வெளியே கரைந்து நீர்த்துவிடும், பிறகு பிணைப்பு வலை ஆக்சிஜனேற்றத்தில் அறுபடும்.

சூட்டு நீட்சிச் சோதனை இன்னும் எளிது: 200 டிகிரியில் சதுர சென்டிமீட்டருக்கு 20 நியூட்டன், 15 நிமிடம். கேபிள் காப்புக்கு நீட்சி 175%க்குள், சுமையை எடுத்துக் குளிர்ந்தபின் நிலைத்த நீட்சி 15%க்குள் இருக்க வேண்டும். எனக்கு ஜெல் எண்ணை விட இதில் நம்பிக்கை அதிகம், வலை எவ்வளவு இறுக்கம் என்று நேரடியாகக் காட்டும்.

அடுத்தது மிஞ்சிய ஆன்டிஆக்சிடன்ட். பலர் சூத்திரத் தாளில் 2 கிராம் என்று எழுதியிருப்பதாலேயே பொருளிலும் 2 கிராம் இருப்பதாக நினைக்கிறார்கள். பிணைப்புக்கு முன் ஒரு துண்டு, பின் ஒரு துண்டு, இரண்டுக்கும் 200 டிகிரியில் ஆக்சிஜனேற்றத் தூண்டல் நேரம் எடுங்கள். இடைவெளிதான் பெராக்சைடு தின்றது. முந்தைய துண்டில் பெராக்சைடு சேர்க்காத முதல் சுற்றுக் கலவையைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் டிஎஸ்சிக்குள்ளேயே பெராக்சைடு உடைந்து ஆன்டிஆக்சிடன்ட்டைத் தின்னும். பிந்தைய துண்டை முதலில் நைட்ரஜனில் ஒரு தடவை சூடேற்றி, வெப்பம் விடும் முகடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தகடு முழுதாக வேகவில்லை, 9ஆம் படிக்குத் திரும்ப வேண்டும்.

இறுதியில் வெப்ப முதுமை. கேபிள் காப்புக்கு 135 டிகிரி அடுப்பில் 7 நாள், இழுவலிமையும் நீட்சியும் 25%க்கு மேல் மாறக்கூடாது. தூண்டல் நேரம் நன்றாக இருந்தும் இதில் தோற்கலாம், ஏனென்றால் 200 டிகிரியில் நடப்பதும் 135இல் நடப்பதும் ஒன்றல்ல. தயோஎஸ்டரின் பலனும் சிறிய மூலக்கூறுகள் ஆவியாகிப் போவதும் நீண்ட அடுப்பில்தான் தெரியும்.

11. திருத்தும்போது எதை முதலில் தொடுவது

ஜெல் குறைவு, தூண்டல் நேரம் நன்றாக இருக்கிறது: ஆன்டிஆக்சிடன்ட் தேவைக்கு மேல் இருக்கலாம். பெராக்சைடை ஏற்றுவதற்கு முன் அதைக் குறைத்துப் பாருங்கள்.

ஜெல் நன்று, தூண்டல் நேரம் மோசம்: பெராக்சைடு மிஞ்சிவிட்டது, அல்லது கலக்கும் சூட்டில் ஆன்டிஆக்சிடன்ட் செலவாகிவிட்டது. உருகின் சூட்டை அளந்துவிட்டு, பிறகு பெராக்சைடைச் சிறிது சிறிதாக இறக்குங்கள். சூட்டு நீட்சி எல்லைக்குள் இருக்கும் வரை இறக்கலாம்.

இரண்டும் மோசம்: கணக்கில் வராத செலவு எங்கோ இருக்கிறது. அமிலம், காற்று, பழைய பெராக்சைடு, ரெசினில் ஏற்கெனவே இருந்த சேர்க்கை. இந்த வரிசையில் தேடுங்கள்.

இரண்டும் நன்று, ஆனால் ஸ்கார்ச்: சூத்திரத்தைத் தொடாதீர்கள். சூட்டையும் எக்ஸ்ட்ரூடரில் தங்கும் நேரத்தையும் குறைக்கப் பாருங்கள். ஆல்ஃபாமெத்தில்ஸ்டைரீன் டைமர் அதற்கப்புறம்.

ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அவசரத்தில் பெராக்சைடையும் பீனாலையும் சேர்த்து மாற்றினால் கோடு நகர்ந்தது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. ரெசினின் புதிய தொகுதி வந்திறங்கினால், பழைய சூத்திரத்தை அப்படியே ஓட்டுவதற்கு முன் அடிப்படைக் கோட்டின் நடுப் புள்ளியை மட்டுமாவது, அதாவது ஆன்டிஆக்சிடன்ட் இல்லாமல் கிலோவுக்கு 15 கிராம் டிசிபியை, எம்டிஆரில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். கால் மணி நேர வேலை.